விலை குறைந்த ஆஸ்திரேலியப் போர்ட்டை மதிப்பிடுவது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பீப்பாயில் முதிர்ந்த போர்ட் வகையான டானி ஒயின்களில், 20 டாலருக்குள் கிடைக்கும் மூன்றை வாங்கி நண்பர்களுடன் சுவைத்துப் பார்த்தோம். மூன்றும் ஒரே மாதிரி தித்திப்பாகத்தான் தெரிந்தன. இவற்றில் நல்லது எது என்பதை எதை வைத்துச் சொல்வது?
— வாசகர், மெல்பர்ன்

தித்திப்பை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். டானி தயாரிப்பவர், திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே, அதன் சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாக மாறுவதற்கு முன்னால், திராட்சையிலிருந்து வடித்த ஸ்பிரிட்டைச் சேர்த்துவிடுகிறார். ஆல்கஹால் 17, 18 சதவீதத்தை எட்டும்போது ஈஸ்ட் செயலிழந்துவிடுவதால், எஞ்சிய சர்க்கரை அப்படியே ஒயினில் தங்கிவிடுகிறது. ஆகவே தித்திப்பைத் தருவதற்குப் பெரிய திறமை தேவையில்லை. அந்தத் தித்திப்புக்குள் ஸ்பிரிட் கரைந்து இணைந்திருக்கிறதா, விழுங்கிய பிறகு வாய் சுத்தமாக இருக்கிறதா என்பவையே தயாரிப்பாளரின் திறமையைக் காட்டுகின்றன. குறைந்த விலை ஒயினில் இவ்விரண்டும் அமைந்திருந்தால், அதை நல்ல ஒயின் என்று தயங்காமல் சொல்லலாம் என்பது என் உறுதியான கருத்து.

கிண்ணத்தை வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பிடித்து, ஒயினின் விளிம்பை முதலில் பாருங்கள். இளம் ஒயின் விளிம்பு வரை சிவந்திருக்கும். மரப்பீப்பாயில் சில ஆண்டுகள் இருந்தது செங்கல் நிறத்துக்கும் பழுப்புக்கும் மாறியிருக்கும். மிகப் பழையவற்றின் விளிம்பில் ஆலிவ் பச்சை தென்படும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது, ஏனெனில் வெப்பம் மிகுந்த கிடங்கில் வைத்த ஒயினும் விரைவாகப் பழுப்பேறிவிடும்.

அடுத்தது மணம். கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோன உடனேயே கண்ணில் நீர் வரும் அளவுக்கு நெடி குத்தினால், ஸ்பிரிட் இன்னும் ஒயினோடு சேரவில்லை என்று பொருள். உலர்திராட்சை, ஆரஞ்சுத் தோல், வறுத்த பருப்புகள், பாகு முற்றிய சர்க்கரை ஆகியவற்றின் மணம் வந்தால், அந்தக் கலவையில் பீப்பாயில் முதிர்ந்த பழைய ஒயினும் ஓரளவு சேர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். பழைய ஒயினுக்கே உரிய, பருப்பின் எண்ணெய்ப்பசையை நினைவூட்டும் இந்த முதிர்ச்சியை ஒயின் துறையினர் ரான்சியோ என்கிறார்கள். விலை குறைந்த டானியில் அதன் சாயல் மட்டும் இருந்தாலே மகிழலாம். வினிகர் நெடியோ நகப்பூச்சு நெடியோ எழுந்தால் அது ஆவியாகும் அமிலத்தின் வேலை. மிகப் பழைய ஒயினில் அது சிறிதளவு இருந்தால் மணத்தைத் தூக்கிக் கொடுக்கும் என்பதால் நடுவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். இளம் ஒயினில் அது குறைதான். பூசணம் பிடித்த மரத்தின் வாடை எந்த வயதிலும் குறையே.

உண்மையான தேர்வு, விழுங்கிய பிறகு தொடங்குகிறது. நல்ல டானியில் முதலில் தித்திப்பு நாக்கை நிறைத்து, பின்னர் புளிப்பும் மரத்தின் மெல்லிய துவர்ப்பும் அதைப் பின்னுக்குத் தள்ள, கடைசியில் பருப்பின் சுவை மட்டும் சிறிது நேரம் தங்கும். தரம் குறைந்ததில் இரண்டில் ஒன்று நடக்கும்: சர்க்கரை மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டு திகட்டும், அல்லது சுவை மறைந்த பின்னும் தொண்டையில் கமறல் நிற்கும். உங்கள் மூன்று புட்டிகளையும் தாளால் சுற்றிப் பெயரை மறைத்துவிட்டு, ஒவ்வொன்றிலும் 30 மில்லிலிட்டர் ஊற்றி, ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு முன்னால் அவரவர் கருத்தை எழுதிவையுங்கள். ஒயின் 16 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கட்டும். அறைச் சூட்டில் ஆல்கஹால் மேலெழும்பி எல்லாவற்றையும் மூடிவிடும். அதிகம் குளிர்ந்தால் குறையும் தெரியாது, நிறையும் தெரியாது. கால் மணி நேரம் கழித்து அதே கிண்ணங்களுக்குத் திரும்பிப் பாருங்கள். முதலில் ஒன்றுபோலத் தெரிந்த மூன்றும் அப்போது தனித்தனியாகப் பிரிந்து நிற்கும்.

கடைகளில் ஆஸ்திரேலிய ஒயின் எதிலும் போர்ட் என்ற பெயரையே காணோமே, ஏன்?
— வாசகி, சிட்னி

ஆஸ்திரேலியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் செய்துகொண்ட ஒயின் ஒப்பந்தம் 2010 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. போர்ட் என்ற பெயர் போர்ச்சுகலுக்கும் ஷெர்ரி என்ற பெயர் ஸ்பெயினுக்கும் உரியவை என்பதை ஏற்று, ஓராண்டு அவகாசத்துக்குப் பிறகு ஆஸ்திரேலியத் தயாரிப்பாளர்கள் அவற்றைக் கைவிட்டார்கள். ஹங்கேரிக்கு உரிய டோக்காய் என்ற பெயருக்கு மட்டும் பத்தாண்டு அவகாசம் கிடைத்தது. இன்று பீப்பாயில் முதிர்ந்த போர்ட் வகை டானி என்றும், புட்டியில் முதிர வேண்டிய வகை விண்டேஜ் என்றும், ஷெர்ரி வகை அபேரா என்றும், டோக்காய் டோபேக் என்றும் விற்கப்படுகின்றன. புட்டிக்குள் இருக்கும் ஒயின் மாறவில்லை. பரோசா, மெக்லாரன் வேல் போன்ற இடங்களின் ஷிராஸ், கிரனாஷ், மட்டாரோ திராட்சைகளே இன்றும் ஆஸ்திரேலிய டானியின் அடித்தளம். போர்ச்சுகலின் திராட்சை வகைகளைப் பயன்படுத்துவோர் இங்கே குறைவு.

லேபிளில் கிளாசிக், கிராண்ட், ரேர் என்று போட்டிருப்பது வெறும் விளம்பரமா? அதை நம்பி வாங்கலாமா?
— வாசகர், அடிலெய்ட்

மஸ்கட் திராட்சையில் ஸ்பிரிட் சேர்த்துச் செய்யும் இனிப்பு ஒயினான ரூதர்க்ளென் மஸ்கட் விஷயத்தில் நம்பலாம். விக்டோரியா மாநிலத்தின் வடகிழக்கில் உள்ள அந்த ஊரின் தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட தரவரிசை அது. அடைமொழி எதுவும் இல்லாமல் ரூதர்க்ளென் மஸ்கட் என்று மட்டும் இருந்தால், கலவையின் சராசரி வயது 3 முதல் 5 ஆண்டுகள். கிளாசிக் என்றால் 6 முதல் 10, கிராண்ட் என்றால் 11 முதல் 19, ரேர் என்றால் 20 ஆண்டுகளுக்கு மேல். இங்கே சராசரி என்பதைக் கவனிக்க வேண்டும். இளம் ஒயினும் மிகப் பழைய ஒயினும் ஒரே கலவையில் சேர்ந்திருக்கும். எதை எவ்வளவு சேர்ப்பது என்பதுதான் அங்குள்ள குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் கலை.

வயது கூடக்கூட விலை ஏன் இவ்வளவு ஏறுகிறது என்று வேறு சிலரும் கேட்டிருந்தார்கள். பீப்பாயின் மரத்தின் வழியே ஆண்டுதோறும் ஒயின் சிறிது சிறிதாக ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. அளவு குறையக் குறையச் சர்க்கரையும் புளிப்பும் மணமும் செறிவடைகின்றன. பரோசாவின் செப்பல்ட்ஸ்ஃபீல்ட் ஒயின் ஆலையில் 1878ஆம் ஆண்டு தயாரிப்பாளர் பென்னோ செப்பல்ட் ஒரு பீப்பாய் டானியை நூறு ஆண்டுகளுக்குத் தொடக் கூடாது என்று ஒதுக்கிவைத்தார். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் அப்படியே ஒதுக்கப்பட்டுவருகிறது. நூறாண்டு முடிவில் எஞ்சும் ஒயின் ஏறக்குறையப் பாகுபோல் இறுகியிருக்கும். அத்தகைய முதிர்ச்சியை 20 டாலர் புட்டியில் எதிர்பார்ப்பது அந்தப் புட்டிக்கு நாம் செய்யும் அநீதி. மலிவான ஒயினை அதன் சொந்த வகுப்புக்குள் வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

புட்டியில் தங்கப் பதக்க ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, விலையோ மிகக் குறைவு. அந்தப் பதக்கத்துக்கு ஏதாவது மதிப்பு உண்டா?
— வாசகர், பிரிஸ்பேன்

உண்டு. ஆனால் ஸ்டிக்கரில் உள்ள சிறிய எழுத்துகளையும் படித்தால்தான் அந்த மதிப்பு எவ்வளவு என்று தெரியும்.

ஆஸ்திரேலிய ஒயின் கண்காட்சிகளில் நடுவர்கள் தயாரிப்பாளரின் பெயர் தெரியாமலே சுவைக்கிறார்கள். நெடுங்காலமாக வழங்கிய 20 புள்ளி முறையில் தோற்றத்துக்கு 3, மணத்துக்கு 7, வாயில் தரும் சுவைக்கு 10 புள்ளிகள், 18.5 புள்ளிகள் பெற்றால் தங்கம், 17 பெற்றால் வெள்ளி, 15.5 பெற்றால் வெண்கலம். இன்று பெரும்பாலும் 100 புள்ளி முறை வந்துவிட்டது. அதில் தங்கத்துக்கு 95, வெள்ளிக்கு 90, வெண்கலத்துக்கு 85 புள்ளிகள் வேண்டும். புள்ளிகளில் பாதி வாய்க்கு ஒதுக்கப்பட்டிருந்தது மிகவும் சரியானது என்பேன், ஏனெனில் ஸ்பிரிட் சேர்த்த ஒயினின் மணம் ஏமாற்றக்கூடும், பின்சுவை ஏமாற்றாது.

பதக்கம் தரவரிசைப்படி வழங்கப்படுவதில்லை. குறிப்பிட்ட புள்ளியைத் தொட்ட ஒயின்கள் எல்லாவற்றுக்கும் அது கிடைக்கும், ஒன்றுமே தொடாவிட்டால் ஒன்றுக்கும் கிடைக்காது. ஆகவே எந்தக் கண்காட்சி, எந்த ஆண்டு, எந்த வகுப்பு என்ற மூன்றையும் பாருங்கள். ரூதர்க்ளென்னில் நடக்கும் கண்காட்சி போல, இவ்வகை ஒயினோடு வளர்ந்த நடுவர்கள் அமரும் இடத்தில் கிடைத்த வெள்ளியை, வேறு பல இடங்களின் தங்கத்துக்கு மேலாக நான் மதிப்பேன். ஆண்டு முக்கியமாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: மலிவான டானி பல ஆண்டுகளின் ஒயினைக் கலந்து, அவ்வப்போது புதிதாகப் புட்டியில் அடைக்கப்படுவது. பல ஆண்டுகளுக்கு முன் பதக்கம் வாங்கிய கலவையும் இன்று உங்கள் கையில் உள்ள கலவையும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

டானிக்குச் சொல்லும் அளவுகோலையே மஸ்கட்டுக்கும் டோபேக்குக்கும் பயன்படுத்தலாமா?
— வாசகி, கான்பெரா

ஓரளவுக்குத்தான். ரூதர்க்ளென் மஸ்கட்டின் ஆரம்ப நிலையிலேயே லிட்டருக்கு 180 முதல் 240 கிராம் வரை சர்க்கரை இருக்கும். பழுப்பு மஸ்கட் என்று அங்கே அழைக்கப்படும் சிவந்த தோல் திராட்சையைக் கொடியிலேயே வதங்க விட்டுப் பறிப்பதால் வரும் தித்திப்பு அது. இளம் மஸ்கட்டில் பழைய பருப்பு மணத்தைத் தேட வேண்டாம். ரோஜா இதழும் புதிய உலர்திராட்சையும் போன்ற மணம் தெளிவாக எழுகிறதா என்று பாருங்கள். அந்தப் புத்துணர்வே அதன் சிறப்பு. கேம்பெல்ஸ், மாரிஸ், சேம்பர்ஸ், ஸ்டான்டன் அண்ட் கில்லீன் போன்ற பழைய நிறுவனங்கள் தங்கள் ஆரம்ப நிலை மஸ்கட்டையும் அக்கறையோடு செய்கின்றன. அவை பெரும்பாலும் சிறிய புட்டிகளில் வருவதால், டானியோடு விலையை ஒப்பிடும்போது மில்லிலிட்டர் கணக்கையும் பாருங்கள்.

டோபேக்கின் திராட்சையை ஹங்கேரியிலிருந்து வந்தது என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1976ஆம் ஆண்டு பிரெஞ்சு கொடியியல் அறிஞர் பால் ட்ரூயெல் அதை மஸ்கடெல் என்று அடையாளம் கண்டார். அதில் ஆறிய தேநீர், மால்ட், தேன் ஆகியவற்றின் மணம் இருக்க வேண்டும். மஸ்கட்டைவிடச் சற்று மெலிந்ததாகவும், முடிவில் குறைவாகத் திகட்டுவதாகவும் இருப்பதால், தித்திப்பு அதிகம் பிடிக்காதவர்களுக்கு நான் இதையே முதலில் சொல்வேன்.

இனிப்பில்லாத அபேரா ஒன்றை வாங்கினேன். உப்பும் கசப்புமாக இருந்தது. கெட்டுப்போனதா?
— வாசகர், பெர்த்

பெரும்பாலும் இல்லை. ஃபினோ எனப்படும் இனிப்பில்லாத வகை அபேரா, ஃப்ளோர் எனப்படும் ஈஸ்ட் படலத்தின் கீழ் பீப்பாயில் வளர்கிறது. அந்தப் படலம் காற்றைத் தடுத்து, ஒயினில் எஞ்சியிருப்பவற்றை உண்டு, பச்சை ஆப்பிளும் ரொட்டி மாவும் உப்புக்காற்றும் கலந்தது போன்ற மணத்தைத் தருகிறது. ஆல்கஹாலும் 15 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். நன்றாகக் குளிரவைத்து மீண்டும் ஒருமுறை சுவையுங்கள். நிறம் வெளிர்மஞ்சளாக இருந்தால் ஒயின் நலமாக இருக்கிறது. பழுப்பேறி, அழுகிய ஆப்பிள் வாடை வந்தால் அது கடையில் அதிக நாள் கிடந்தது என்று பொருள். ஆகவே, அதிகம் விற்பனையாகும் கடையில் வாங்குவது நல்லது. திறந்த பிறகு குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

மலிவான டானியைப் பத்தாண்டு வீட்டில் வைத்திருந்தால் தரம் கூடுமா? திறந்த புட்டி எத்தனை நாள் தாங்கும்?
— வாசகர், ஜீலாங்

கூடாது. டானியின் முதிர்ச்சி பீப்பாயில் காற்றோடு உறவாடி நடப்பது. புட்டியில் அடைத்ததோடு அந்த வேலை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வைத்திருந்தால் புத்துணர்வு போகுமே தவிர வேறொன்றும் வராது. விண்டேஜ் வகை மட்டும் இதற்கு விலக்கு. அது இளமையிலேயே புட்டிக்குள் போய், துவர்ப்பு அடங்கப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்வது. அடியில் வண்டல் படிவதால் மெதுவாக வேறு பாத்திரத்துக்கு ஊற்றிப் பரிமாற வேண்டும். காற்றுக்குப் பழகாததால் திறந்த சில நாட்களில் தளர்ந்துவிடும். டானியும் மஸ்கட்டும் ஏற்கெனவே காற்றில் பழகியவை என்பதால், மூடி இறுக்கமாக இருந்தால் ஒரு மாதத்துக்கு மேலும் நன்றாக இருக்கும்.

அளவு பற்றியும் இதோடு சொல்லிவிடுகிறேன், ஏனெனில் தித்திப்பு ஆல்கஹாலை மறைத்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் 10 கிராம் ஆல்கஹாலை ஒரு நிலையளவு என்று கணக்கிடுகிறார்கள். 18 சதவீத டானியின் 750 மில்லிலிட்டர் புட்டியில் ஏறத்தாழ 10.7 நிலையளவுகள் இருக்கின்றன. அந்நாட்டின் 2020ஆம் ஆண்டு சுகாதார வழிகாட்டுதலோ வாரத்துக்கு 10, ஒரு நாளில் 4 என்ற வரம்பைத் தாண்ட வேண்டாம் என்கிறது. ஆகவே 60 மில்லிலிட்டர் சிறு கிண்ணமே இதற்கு ஏற்ற அளவு. பல ஒயின்களை ஒரே அமர்வில் ஒப்பிடும்போது, நடுவர்கள் செய்வதுபோல் வாயில் சுழற்றிவிட்டுத் துப்பிவிடுங்கள். பின்சுவையை அறிவதற்கு விழுங்கியே தீர வேண்டும் என்றில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு சிறு மிடறு போதும்.