சைவ அம்மாவுடன் டோக்கியோ: மிசோ சூப்பை நம்ப வேண்டாம்

வணக்கம். சுத்த சைவமான அம்மாவுடன் டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் தங்கப் போவதாகவும், சாதாரண ஓட்டல்களில் மிசோ சூப்பும் (சோயா விழுது கரைத்த சூப்) ஊடோனும் (சாற்றில் வரும் தடித்த கோதுமை நூடுல்ஸ்) வாங்கிக் கொடுத்துச் சமாளித்துவிடலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அந்த இரண்டையும் விட்டுவிடுங்கள். இறைச்சி இல்லை என்பது உண்மைதான். ஆனால் அவற்றின் அடிப்படையான 'தாஷி' சாறு பெரும்பாலும் உலர்த்திய சூரை மீனைச் சீவி எடுப்பது. கிண்ணத்தில் மீன் துண்டு ஒன்றுகூடக் கண்ணில் படாது. "மீன் இல்லையே?" என்று கேட்டால் பரிமாறுபவரும் நல்ல மனத்துடனேயே "இல்லை" என்பார். அதனால் "கட்சுவோ தாஷி உண்டா?" என்று அந்த மீனின் ஜப்பானியப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கொம்பு என்ற கடற்பாசியில் மட்டும் எடுத்த தாஷி என்றால் கவலையில்லை.

மாவில் தோய்த்துப் பொரித்த காய்கறி தெம்புராவிலும் கவனம் வேண்டும். தொட்டுக்கொள்ளத் தரும் சாற்றிலும் தாஷி இருக்கும், மாவில் முட்டை சேர்ப்பதுண்டு, இறால் பொரித்த அதே எண்ணெயாகவும் இருக்கலாம். அம்மா இதையெல்லாம் பார்ப்பவர் என்றால் வேண்டவே வேண்டாம்.

சுழலும் சுஷி கடையில் வெள்ளரிக்காய் வைத்த சோற்றுச் சுருளான கப்பா மாகி பெரும்பாலும் சரிப்படும்.

சூடாக, வயிறார ஒரு வேளை வேண்டுமென்றால் டோக்கியோ ரயில் நிலையத்தில் உள்ள 'டீஸ் டான்டான்' போங்கள். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் சேர்க்காத ராமென் (சூப் நூடுல்ஸ்) கடை. எள் விழுதின் கெட்டியான சாறு நம் நாக்குக்கு நன்றாகவே பிடிக்கும். கடை டிக்கெட் வாயிலுக்கு உள்ளே இருக்கிறது; ஷின்ஜுகுவிலிருந்து சுவோ ரயிலில் வந்து இறங்கியதும், வெளியேறுவதற்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள்.