தென்னையின் அடிமரத்தில் சிவப்பு நீர் வடிகிறது, காய்ப்பு இருக்கிறது. மருந்து வைப்பதா, வெட்டுவதா?

வெட்ட மனம் வரவில்லை என்றால் அது வீட்டுப் பெரியவர் யாரோ வைத்த மரமாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டிலும் அதே கதை.

பேராவூரணிப் பக்கம் எங்கள் கொல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து போனபோது மிஞ்சிய சில மரங்களில் கிணற்றடி மரமும் ஒன்று. அப்பா தன் கையால் வைத்தது. மூன்று வருடம் கழித்து அதன் தூரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், வெற்றிலை எச்சில் துப்பினாற்போல் வடிந்திருந்தது. "கஜாவுக்கே அசையாத மரம்டா, வெயிலுக்கு வடியுது" என்றார் அப்பா. சென்னையில் உட்கார்ந்திருந்த எனக்கும் அது வசதியான பதில். அடுத்த முறை ஊருக்குப் போனபோது வடிதல் இடுப்பு உயரம் ஏறியிருந்தது. தஞ்சாவூர் வாடல் என்றார்கள். 1952 புயலுக்குப் பிறகு எங்கள் மாவட்டத்தில் கண்டதால் அந்தப் பெயர். மண்ணில் இருக்கும் பூஞ்சை வேரை அழுகவைத்து மேலே ஏறுகிறது.

சரி, வேரில் மருந்து கட்டினோம். பென்சில் பருமனில் உயிருள்ள வேராகப் பார்த்துச் சாய்வாக வெட்டி, எக்சாகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி கலந்த 100 மில்லி தண்ணீர்ப் பைக்குள் நுழைத்து நூலால் கட்ட வேண்டும். நல்ல வேர் என்றால் ஓரிரு நாளில் குடித்துவிடும். எங்கள் மரத்தில் மூன்றாம் நாளும் பை அப்படியே தொங்கியது. வேறு வேர் பார்த்தோம், அதுவும் குடிக்கவில்லை. அடிமட்டைகள் தண்டோடு ஒட்டித் தொங்கின, குரும்பை கொட்டியது. அப்போதே வெட்டியிருக்க வேண்டும். இன்னும் ஒரு வருடம் மருந்துக்குச் செலவழித்தோம்.

கடைசியில் வெட்டியபோது அடிக்கட்டையைத் தோண்டி எடுக்கத் தனிக்கூலி கேட்டார்கள். வேண்டாம் என்று சொன்னது நான்தான், அப்பா இல்லை. அந்த மழைக்காலத்தில் கட்டையின் மேல் அரக்கு பூசினாற்போல் பளபளவென்று காளான் முளைத்தது, அதே பூஞ்சைதான். சில மாதத்தில் பக்கத்து மரம் வடிய ஆரம்பித்தது.

அந்த இரண்டாவது மரம் இன்றும் நிற்கிறது. வடிதல் ஒரு சாணைத் தாண்டுவதற்குள் வேரில் மருந்து, தூரைச் சுற்றி 40 லிட்டர் ஒரு சதவீத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது), 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு, மற்ற மரங்களுக்குப் பரவாமல் சுற்றிலும் ஒரு பள்ளம். மருந்து கட்டிய பிறகு 45 நாளைக்குக் காய் பறிக்கவில்லை. இயற்கை வழி அன்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம், நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மாவும் போடுகிறேன். நான் வேளாண்மை படித்தவனும் இல்லை, பட்டதைச் சொல்கிறேன்.

"மரத்தைக் காப்பாற்றத் தெரியாதவன்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதிய அத்தான் இதைப் படிக்கலாம். கஜாவுக்குப் பிறகு ஒரு கன்றாவது வைத்தாரா? வியாபாரி லாபக்காய் என்று நூற்றுக்கு இத்தனை என்று இலவசமாக எண்ணி எடுத்துக்கொண்டு போகிறாரே, அதை ஒரு நாள் நின்று கேட்டிருக்கிறாரா? விடுங்கள்.

உங்கள் மரத்துக்கு வருகிறேன். அடி சுத்தமாக இருந்து நடுத்தண்டில் மட்டும் திட்டுத்திட்டாக வடிந்தால் அது சாறு வடிதல், வேறு நோய். ஓட்டையும் மென்ற நாரும் தெரிந்தால் சிவப்புக் கூன்வண்டு. இரண்டும் இல்லையென்றால் அண்ணாந்து பாருங்கள். குருத்து நிமிர்ந்து, பாளை வந்துகொண்டிருந்து, வடிதல் முழங்காலுக்குக் கீழே என்றால் நாளைக்கே மருந்து கட்டுங்கள். பை காலியாகிறதா என்று பாருங்கள். மட்டை தண்டோடு தொங்கிவிட்டால் வெட்டுங்கள், ஆனால் பொக்லைனை வைத்தாவது அடிக்கட்டையை வேரோடு பெயர்த்துவிடுங்கள்.

கிணற்றடிக் கட்டையை நாங்கள் போன மாதம்தான் எடுத்தோம். ஊடே வாழை இருந்தால் இந்த நோய் குறையும் என்பார்கள். அந்த இடத்துக்கு இரண்டு பூவன் கன்று சொல்லிவைத்திருக்கிறார் அப்பா, என்னிடம் கேட்காமலே.