200 செம்மறிகளுக்கு எவ்வளவு இரும்புச் சாமான் வேண்டும்?

கேள்வி: நான் 200 தாய்ச் செம்மறிகள் வளர்க்கிறேன். பட்டி இருக்கும் நிலம் குத்தகைக்கு எடுத்தது. குத்தகை இன்னும் ஐந்து ஆண்டுகளுக்கு உண்டு. குடற்புழு மருந்து, தடுப்பூசி, குட்டிகளைப் பிரிப்பது என ஆண்டுக்கு ஆறு முறை மந்தை முழுவதையும் கையால் பிடிக்கிறோம். ஒவ்வொரு முறையும் நான்கு பேருக்கு ஒரு முழு நாள் ஆகிறது. என் தந்தைக்கு இடுப்பு வலியும் இருக்கிறது. ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் குறுகிய வரிசைப் பாதை, எடைக் கூண்டு, ஆட்டைக் கவிழ்த்துப் பிடிக்கும் கூண்டு, இழுத்துச் செல்லும் வண்டி எல்லாம் அடங்கிய முழுத் தொகுப்பை ஏழாண்டு மாதத் தவணையில் தருவதாக ஒரு விற்பனையாளர் சொல்கிறார். அதன் விலை ஓர் ஆளின் 260 நாள் கூலிக்குச் சமம். தடுப்புகளும் வரிசைப் பாதையும் மட்டும் வாங்கினால் 70 நாள் கூலி ஆகும். அதற்கு என் சேமிப்பே போதும். எதை வாங்கலாம்?

பதில்: விலையைக் கூலி நாட்களில் சொன்னதன் மூலம் என் வேலையில் பாதியை நீங்களே முடித்துவிட்டீர்கள். இப்போது உங்கள் மந்தைக்கு ஆண்டில் 24 ஆள்-நாள் செலவாகிறது. ஆடுகளைக் கூட்டிச் சேர்க்க ஒழுங்காக அமைந்த பட்டியும் ஒற்றை வரிசைப் பாதையும் இருந்தால், இதே வேலையை இரண்டு பேர் அரை நாளில் முடிப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஆண்டுக்கு 6 ஆள்-நாள். மிச்சம் 18. எழுபதைப் பதினெட்டால் வகுத்தால், போட்ட பணம் ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் திரும்பிவிடுகிறது. உங்கள் குத்தகைக் காலமும் அதற்கு இடம் தருகிறது. முழுத் தொகுப்பு இதற்கு மேல் 190 நாள் கூலியைக் கேட்கிறது. எஞ்சியுள்ள அந்த 6 ஆள்-நாளையும் அது அடியோடு ஒழித்துவிடும் என்று தாராளமாக ஒப்புக்கொண்டாலும், அந்தக் கூடுதல் பணம் திரும்ப முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். தவணைக்கான வட்டியை நான் இதில் சேர்க்கவே இல்லை.

தவணையின் காலமும் எனக்குச் சரியாகப் படவில்லை. குத்தகை ஐந்து ஆண்டு, கடன் ஏழு ஆண்டு. குத்தகை புதுப்பிக்கப்படாமல் மந்தையைக் குறைக்க நேர்ந்தாலும் தவணை குறையாது. தவிரவும், உங்களுக்கு வருமானம் குட்டிகள் விற்கும் பருவத்தில்தான் மொத்தமாக வருகிறது. தவணையோ மாதம் தவறாமல் வந்து நிற்கும். எப்போதாவது கடன் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், விற்பனைக்குப் பிறகு ஆண்டுக்கொரு முறை கட்டும் ஏற்பாட்டைக் கேளுங்கள். சேமிப்பிலிருந்து 70 நாள் கூலியை எடுத்த பின்னும், தீவனமும் மருந்தும் ஒரு பருவத்துக்கு வாங்கும் அளவு கையில் நிற்க வேண்டும். நிற்காது என்றால், தடுப்புகளில் பாதியை இப்போதும் மீதியை அடுத்த விற்பனைக்குப் பிறகும் வாங்குங்கள்.

இந்தக் கணக்கு முழுவதும் வரிசைப் பாதை ஒழுங்காக வேலை செய்தால்தான் பலிக்கும். செம்மறி, முன்னால் போகும் ஆட்டைப் பார்த்துப் பின்தொடரும். ஆகவே பாதையின் பக்கங்கள் பலகைபோல் அடைத்தும், முன்பக்கம் பார்வைக்குத் திறந்தும் இருக்க வேண்டும். அகலம், வளர்ந்த ஆடு திரும்ப முடியாதபடி ஏறத்தாழ 45 முதல் 50 சென்டிமீட்டர் இருந்தால் போதும். ரோமம் அடர்ந்த ஆடும் சினை ஆடும் இன்னும் சற்று இடம் கேட்கும் என்பதால், அகலத்தை மாற்றக்கூடிய அமைப்புக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது வீண் இல்லை. பாதைக்குள் தள்ளும் பட்டியின் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் சாய்ந்து குறுகியும் வரட்டும். இரு பக்கமும் ஒரே மாதிரி குறுகினால் நுழைவிடத்தில் இரண்டு ஆடுகள் ஒன்றையொன்று நெரித்து அடைத்துக்கொள்ளும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போகவோ, தரையில் குறுக்கே விழும் நிழலைத் தாண்டவோ அவை தயங்கும். ஆகவே கான்கிரீட்டைத் தொடாதீர்கள். பழைய பலகைகளையும் கயிற்றையும் கொண்டு இரண்டு முறை ஓட்டிப் பார்த்து, எங்கே நிற்கின்றன என்று கவனித்த பிறகு அளவு கொடுங்கள். குத்தகை நிலத்தில் ஊன்றிய தூண் நில உரிமையாளருக்கே போய்விடலாம். கழற்றி மாட்டும் தடுப்புகளை விற்றால் காசாகும்.

இரும்பைப் பார்க்கும்போது பூச்சின் பளபளப்பை விடப் பற்றவைத்த இடங்களைப் பாருங்கள். பற்றவைத்த பிறகு துத்தநாகத்தில் முக்கி எடுத்ததா, முன்பே பூசிய குழாயைப் பின்னர் பற்றவைத்ததா என்று கேளுங்கள்; இரண்டாவது வகை அந்த இணைப்புகளில்தான் முதலில் துருப்பிடிக்கும். கதவின் தாழ்ப்பாளை ஒரு கையால் போட்டுப் பாருங்கள். இன்னொரு கை எப்போதும் ஓர் ஆட்டின் மீதுதான் இருக்கும். இரண்டு கையும் கேட்கும் தாழ்ப்பாள், நான் மேலே கழித்த மூன்றாம் ஆளைத் திரும்பக் கூப்பிடும்.

அடுத்து வாங்க வேண்டியது எடைக் கூண்டு. அதன் ஆதாயம் கூலியில் தெரியாது, மருந்தில் தெரியும். கண்மதிப்பில் எடை போட்டுக் குறைவாகக் கொடுத்த குடற்புழு மருந்து, புழுக்களை அந்த மருந்துக்குப் பழக்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு வாங்கி ஊற்றினாலும் வீண். கூட்டத்தில் கனமான சில ஆடுகளை எடைபோட்டு, அந்த எடைக்கு அளவு வைப்பதற்கும், எடைகளுக்கு இடையே வித்தியாசம் அதிகமாக இருந்தால் கூட்டத்தை இரண்டாகப் பிரிப்பதற்கும் சாதாரணக் கூண்டே போதும். மின்னணுப் பதிவுக் கருவிக்கு இப்போது அவசரம் இல்லை.

கவிழ்ப்புக் கூண்டைத்தான் விற்பனையாளர் முன்னிறுத்திப் பேசியிருப்பார் என்று ஊகிக்கிறேன். அது முக்கியமாகக் குளம்பு வேலைக்கான கருவி. ஆனால் நல்ல குளம்பை வழக்கமாகச் செதுக்குவதைப் பல கால்நடை மருத்துவர்கள் இன்று ஊக்குவிப்பதில்லை. குளம்பழுகல் கண்ட காலைச் செதுக்கினால் ஆறுவது தாமதமாகிறது என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மந்தை முழுவதையும் கவிழ்க்கும் வேலை இப்படிக் குறையும்போது, அந்தக் கூண்டு ஆண்டில் பெரும்பகுதி சும்மா நிற்கும். உங்கள் தந்தையின் இடுப்பு மட்டுமே இதற்கு நான் ஏற்கும் வலுவான எதிர்வாதம். ஓர் ஆள் ஒரு பருவம் படுத்துவிட்டால் ஆகும் செலவு என் கணக்கில் இல்லை. வரிசைப் பாதையே குனிந்து பிடிக்கும் வேலையின் பெரும்பகுதியை எடுத்துவிடும். எஞ்சும் நொண்டி ஆடுகளுக்காக, பக்கத்துப் பண்ணைகளுடன் சேர்ந்து ஒரு பழைய கூண்டை வாங்கலாம், அல்லது வாடகைக்கு எடுக்கலாம். அப்படிச் செய்தால், ஒவ்வொரு பண்ணையை விட்டுப் புறப்படும்போதும் அதைக் கழுவிக் கிருமிநாசினி தெளிப்பது கட்டாயம். குளம்பழுகல் அடுத்த மந்தைக்குப் போக, கூண்டில் ஒட்டிய அழுக்கு போதும்.

70 நாள் கூலிக்கான விலைப்பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்கும்போது ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: பின்னால் வாங்கும் எடைக் கூண்டும், ஆடுகளைப் பிரித்து அனுப்பும் கதவும் இதே தடுப்புகளின் கொக்கியில் பொருந்துமா என்பதை. பொருந்தாது என்றால், சற்று விலை கூடினாலும் பொருந்துவதை விற்கும் வேறு கடையைப் பாருங்கள்.