திருமணிமுத்தாற்றைக் காக்க நகரத்துக் கரையிலிருந்து தொடங்கினால் போதுமா?

கேள்வி: சேலம் திருமணிமுத்தாற்றைத் தூய்மைப்படுத்த ஊர்மக்கள் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

சேர்வராயன் மலையின் அடிவாரத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் என் பதிலைச் சொல்கிறேன். மலைக்கும் நகரத்துக்கும் நடுவில் கிடக்கும் வெறும் நிலத்திலிருந்து தொடங்க வேண்டும். நகருக்குள் கலக்கும் சாக்கடையையும் சாயக்கழிவையும் நிறுத்தியே ஆக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் மலையிலிருந்து நல்ல தண்ணீர் வராத ஆற்றில் கழிவை நிறுத்தினால் வறண்ட மணல்தான் மிஞ்சும்.

சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் கீழே. மேலே பெய்யும் மழை இவ்வளவு செங்குத்தான சரிவில் இறங்கும்போது அதன் வேகத்தைக் குறைப்பவை மூன்று: காடும் மரநிழலில் வளரும் காப்பித் தோட்டங்களும் முதலாவது, அடிவாரத்துக் கரடுகளும் (சிறு பாறைக் குன்றுகள்) மேய்ச்சல் புறம்போக்குகளும் இரண்டாவது, ஏரிகள் மூன்றாவது. காப்பிச் செடிக்கு மேல் நிழல்மரம் நிற்கும் தோட்டத்தில் உதிர்ந்த இலை மெத்தைபோல் கிடந்து மழையை உறிஞ்சிக்கொள்கிறது. அதே சரிவை விடுதிக்காக வெட்டிச் சமன்செய்தால் தண்ணீர் செம்மண்ணையும் அள்ளிக்கொண்டு ஒரே மூச்சில் கீழே வந்துவிடுகிறது.

மூன்றில் எவரும் கவனிக்காதது இரண்டாவதுதான். மலைக் கிராமங்களில் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்த மலையிடப் பாதுகாப்புக் குழுமம் இருக்கிறது, காட்டுக்கு வனத்துறை இருக்கிறது, ஏரிகளை அளந்து எல்லை குறித்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கற்களும் முட்புதர்களுமாக ஆடு மேய்கிற கரட்டு நிலத்துக்கோ, 'சும்மா கிடக்கிற இடம்' என்ற பெயர்தான் இருக்கிறது. அது சும்மா கிடக்கவில்லை. மழை நிலத்தடிக்கு இறங்கும் வாசலே அதுதான்.

எங்கள் ஊரில் இதை நேரில் கண்டேன். எங்கள் பக்கம் ஓடையைப் பள்ளம் என்போம். மலையிலிருந்து ஏரிக்கு வரும் அந்தப் பள்ளத்தின் குறுக்கே வீட்டுமனை போட்டவர்கள் மண்ணைக் கொட்டி மேடாக்கினார்கள். அந்த ஐப்பசியில் ஒரே இரவில் கொட்டிய மழை, வழி தெரியாமல் தெற்குத் தெருவில் புகுந்து வீடுகளுக்குள் முழங்கால் அளவு நின்றது; ஏரியோ பாதிகூட நிறையவில்லை. என் தாத்தா காலத்தில் தை மாதம் வரை கையால் மொள்ளும் உயரத்தில் தண்ணீர் நின்ற எங்கள் கிணறு, அடுத்த மாசியிலேயே அடிப்பாறையைக் காட்டிவிட்டது.

அதன் பிறகு நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து செய்ததைச் சொல்கிறேன், உங்கள் ஊருக்கும் பயன்படலாம். முதலில் கிராம வரைபடத்தையும், ஊர் நிலங்களைப் புல எண்வாரியாகப் பட்டியலிடும் அ-பதிவேட்டையும் வாங்கி, ஓடைப் புறம்போக்கு என்று பதிவாகியிருக்கும் புல எண்களைக் குறித்துக்கொண்டு, வயதில் மூத்தவர்களை அழைத்துப்போய்ப் பள்ளம் முழுவதையும் நடந்து பார்த்தோம். தாளில் இருந்த வழி தரையில் எங்கே மறைந்தது என்று அந்த ஒரு காலை நடையிலேயே தெரிந்துவிட்டது. பிறகு, உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று நடந்த கிராமசபையில் புல எண்களோடு தீர்மானம் கொண்டுவந்து, அதன் நகலைத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுவுடன் கொடுத்தோம். 'நீர்நிலையைக் காப்பாற்றுங்கள்' என்று பொதுவாக எழுதிய எங்கள் பழைய மனுக்களுக்குப் பதிலே வந்ததில்லை. எண்ணும் அளவும் இருந்த மனுவுக்கு நில அளவர் வந்தார்.

ஏரியைப் பொறுத்தவரை, நம் கண்ணெதிரே சேலத்து மூக்கனேரி இருக்கிறது. 2010-ஐ ஒட்டிக் குடிமக்கள் சேர்ந்து தூர்வாரி, அந்த மண்ணைக்கொண்டே ஏரிக்குள் திட்டுகள் அமைத்து மரம் நட்டார்கள். இன்று பறவைகள் அங்கே கூடு கட்டுகின்றன. அந்த உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அங்கும் மலையிலிருந்து வரும் வாய்க்கால் திறந்திருக்கும் வரையில்தான் ஏரிக்கு மழைநீர் வரும் என்பதால், தூர்வாருவதற்குச் செலவிடும் ஆர்வத்தில் பாதியையாவது வரத்து வாய்க்காலுக்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் பள்ளத்தில் கொட்டிய மண்ணில் பெரும்பகுதியை அள்ளிவிட்டார்கள். சாலைக்கு அடியில் பதித்த குழாய் மட்டும் இன்னும் சிறியதாகவே இருக்கிறது. அதைப் பாலமாக மாற்றக் கேட்டு, ஆடி பிறப்பதற்குள் அடுத்த மனுவைக் கொடுக்க இருக்கிறோம்.