எல்லோரும் ‘ஓம்’ என்கிறார்கள்

வணக்கம் அண்ணா,

யாழ்ப்பாணத்தில் ஒரு மென்பொருள் கொம்பனியில் வேலை செய்கிறேன். அண்மையில் ரீம் லீட் ஆக்கினார்கள். எனக்குக் கீழே ஏழு பேர். இரண்டு பேர் கொழும்பில், ஒருவர் வீட்டிலிருந்து, மற்றவர்கள் இங்கே. ஒருவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன். கூட்டத்தில் எல்லோரும் ஓம் என்கிறார்கள். ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முதல்நாள்தான் வேலை முடியவில்லை என்று தெரிய வருகிறது. எனக்கு அதட்டிக் கதைக்கவும் வராது. தலைமைத்துவப் பயிற்சி ஏதாவது படித்தால் சரிவருமா?

க., கோண்டாவில்

அன்புள்ள தங்கைக்கு,

அதட்ட வராதது நல்லது. அதட்டினால் முதல்நாள் தெரிய வருவதும் தெரியாமல் போகும்.

அமெரிக்காவில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் தொண்ணூறுகளில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். அங்கேதான் கூடுதலாகப் பதிவாகியிருந்தது. அந்தக் குழுக்களில் இருந்தவர்கள் பிழையை மறைக்காமல் சொன்னார்கள், அதுதான் காரணம் என்று பிறகு கண்டார். இன்றைய தலைமைத்துவத்தில் முதலில் பழக வேண்டியது இதைத்தான் என்பேன்: கெட்ட செய்தி நேரத்தோடு உங்களிடம் வந்து சேர வேண்டும்.

எங்கள் ஊரில் இது லேசில் வராது. நிரம்பி வழியும் ரியூசன் வகுப்பில் சேர் “விளங்குதோ?” என்று கேட்டால் “ஓம்” தவிர வேறு பதில் உண்டா? அப்படி வளர்ந்தவர்கள்தான் உங்கள் ரீமிலும் இருக்கிறார்கள். ஆகவே ஓம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்விகளை விடுங்கள். “இந்தக் கிழமை வேலையில் எந்தப் பகுதி இழுபடும் என்று நினைக்கிறீங்கள்?” என்று ஒவ்வொருவராகக் கேளுங்கள். கூட்டத்தில் வாய் திறக்காதவரோடு தனியாகக் கதையுங்கள். கொழும்பில் இருப்பவர்களுக்குப் போன் எடுங்கள். முதன்முதலாக ஒருவர் “எனக்கு இது பிடிபடவில்லை” என்று சொல்லும்போது உங்கள் முகம் எப்படிப் போகிறது என்று மற்ற ஆறு பேரும் பார்ப்பார்கள். “நல்லகாலம், இப்பவே சொன்னீங்கள்” என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டு, என்ன செய்யலாம் என்று அவரோடு இருந்து பாருங்கள்.

அண்ணா என்று கூப்பிடுவதை நிறுத்த வேண்டாம். உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்த பகுதி ஒன்று இருக்கும். அதன் முடிவுகளை அவரிடமே விடுங்கள். புதிதாக ஒரு பிள்ளை வந்தால் அவரிடம் அப்படி விட முடியாது, பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்த நிரலை அவர் கொண்டுவந்தால், அது எப்படி வேலை செய்கிறது என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.

2022 பொருளாதார நெருக்கடியோடு எத்தனை பேர் வெளிநாடு போனார்கள் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். உங்கள் ரீமிலும் யாருக்காவது விசா வரும். ஒருவருக்கு மட்டும் தெரிந்த வேலை என்று எதுவும் இருக்கக்கூடாது. இப்போதே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

பயிற்சிக்குப் போவதென்றால் போங்கள். அதற்கு முதல் உங்கள் மேலதிகாரியிடம் ஒன்றைக் கேளுங்கள்: தாமதம் என்று ஒருவர் நேரத்தோடு சொன்னால், வாடிக்கையாளரோடு கதைத்துத் திகதியைத் தள்ளிவைக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா? இல்லையென்றால் உண்மையைச் சொன்னவர்தான் இரவிரவாக இருந்து முடிக்க வேண்டிவரும். அடுத்த முறை அவர் சொல்லமாட்டார்.