விசாரணைக்குக் கூட்டிப்போன அண்ணனை ‘நாங்க கூட்டிவரலை’ என்கிறது ஸ்டேஷன், என்ன செய்வது?

மஃப்டியில் வந்தவர்கள் உங்கள் அண்ணனை வண்டியில் ஏற்றிப்போனதாகவும், ஸ்டேஷனில் கைவிரிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஊர் போடவில்லை, தமிழ்நாடு என்றே வைத்துக்கொள்கிறேன். வீட்டில் யாராவது பெரியவர் “காலையில விட்ருவாங்க, பகைச்சுக்காதே” என்று சொல்லிக்கொண்டிருப்பார். அந்தப் பேச்சை மட்டும் கேட்காதீர்கள்.

நான் வக்கீல் இல்லை. தர்மபுரிப் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். என் தம்பியைத் தூக்கினார்கள், அதில் தெரிந்துகொண்டது இது.

போர்வெல் கேபிள் திருட்டு என்றார்கள். சாயங்காலம் பேக்கரி வாசலில் நின்றவனை ஏற்றிப்போய்விட்டார்கள். நானும் அம்மாவும் ஸ்டேஷனுக்குப் போனால் ரைட்டர் (அங்கே எழுத்து வேலை பார்க்கும் போலீஸ்காரர்) நல்ல விதமாகத்தான் பேசினார். “எங்க டீம் யாரும் போகலையேம்மா. வீட்ல கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான், கண்டுபிடிச்சுக் குடுங்கன்னு எழுதிக் குடுங்க, சி.எஸ்.ஆர். போட்டுத் தர்றேன்.”

சி.எஸ்.ஆர். என்றால் புகார் வாங்கியதற்கு ஸ்டேஷனில் தரும் ரசீது. எங்கம்மாவுக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். “எம்பையன் எங்கயும் கோவிச்சுக்கிட்டுப் போகலைங்க சார். போலீஸ்னு சொல்லித்தான் ஏத்திட்டுப் போனாங்க. அதையே எழுதிக்கங்க.” ரைட்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மனுவை வாங்கவே இல்லை.

அம்மா மட்டும் அன்றைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. நாளைக்கு ஐகோர்ட் கேட்கும்போது, “ஆள் காணவில்லை என்று புகார் வந்தது, தேடிக்கொண்டிருக்கிறோம்” என்று அதையே நீட்டுவார்கள். பிடித்ததற்கு இருந்த சாட்சியை நாமே அழித்த மாதிரி ஆகிவிடும்.

பேக்கரிக்காரர் மகன் சிசிடிவியை ஓட்டிக் காட்டினான். தம்பி கையில் பாதி தின்ற பப்ஸ். கட்டம்போட்ட சட்டைக்காரர் ஒருத்தர் தோளில் கை போட்டு, சிநேகிதக்காரர் போலவே நடத்திக் கூட்டிப்போகிறார். வண்டிக்கிட்ட போனதும் அந்தக் கை சட்டைக் காலருக்கு மாறுகிறது. மூலையில் தேதி, மணி. அதை என் செல்லில் எடுத்துக்கொண்டேன். இந்தக் கேமராக்களில் பழைய பதிவு மேல் புதுசு ஏறிவிடும். அதனால் முதல் வேலையாக இதை எடுங்கள். ஸ்டேஷன்களில் கேமரா வேண்டும், பதிவைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனாலோ என்னவோ, சில நேரம் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகாமல் லாட்ஜில் வைக்கிறார்கள். என் தம்பியை அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

பிடித்த 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் போக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அரசியல் சாசனம் 22-வது பிரிவே சொல்கிறது. ஆனால் நடைமுறையில் அந்த 24 மணி எப்போது தொடங்குகிறது? அவர்கள் கைதுக் குறிப்பில் எழுதும் நேரத்திலிருந்து! அதற்கு முன்னால் போன இரவுகள் எதுவும் கணக்கில் வராது. கைதுக் குறிப்பில் நேரம் போட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்கணும், வீட்டுக்குச் சொல்லணும் என்று 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. தம்பி குறிப்பில் இருந்தது: ‘இன்று காலை பஸ் நிலையத்தில் சந்தேகப்படும்படி நின்றவன்’.

அவர்கள் நேரத்துக்கு எதிராக உங்கள் நேரம் ஒன்று பதிவாகி இருக்கணும். முன்னெல்லாம் எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் தந்தி கொடுப்பார்களாம், தபால் ஆபீஸ் முத்திரையில் மணி இருக்கும். 2013-இல் தந்தியையே மூடிவிட்டார்கள். நாங்கள் அன்று இரவே எஸ்.பி. ஆபீசுக்கும் முதல்வர் தனிப்பிரிவுக்கும் மெயில் போட்டோம், விடிந்ததும் பதிவுத் தபால். ரிமாண்ட் அன்று, அதாவது காவலில் வைக்க உத்தரவு கேட்டு மாஜிஸ்திரேட் முன் நிறுத்திய அன்று, வக்கீல் அந்த மெயில் நகலையும் வீடியோவையும் கொடுத்த பிறகுதான் மாஜிஸ்திரேட் தம்பியைத் தனியாக விசாரித்தார். காசில்லை என்றால் 15100-க்குப் போன் போட்டு இலவச சட்ட உதவி கேளுங்கள்.

“திருடனுக்கு வக்காலத்தா?” என்று கீழே கமெண்டில் வருவீர்கள். திருடியிருந்தால் கேஸ் போடட்டும், உள்ளே வைக்கட்டும். கணக்கில் வைக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். என் சித்தப்பா பையனே ஏட்டுதான். சில சமயம் உள்ளூர் ஸ்டேஷனுக்கு நிஜமாகவே தெரியாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். 2023 ஜூனில் கிருஷ்ணகிரி மாவட்டம் புளியாண்டப்பட்டியில் குறவர் மக்களைத் தூக்கிப்போனது ஆந்திராவின் சித்தூர் போலீஸ். அதனால் பக்கத்து மாவட்டம், பக்கத்து மாநிலம் எல்லாம் எழுத்தில் கேளுங்கள்.

“போலீஸ் மேல நடவடிக்கை எடுத்தாங்களா?” என்று கேட்காதீர்கள். இல்லை. அதெல்லாம் வருஷக்கணக்கில் இழுக்கும். எங்கள் மாவட்டத்தில் வாச்சாத்தி ஊருக்குள் வனத்துறையும் போலீசும் புகுந்து செய்த கொடுமை 1992-இல் நடந்தது, குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேரும் குற்றவாளி என்று தர்மபுரி கோர்ட் சொன்னது 2011-இல், ஐகோர்ட் உறுதிசெய்தது 2023-இல். தம்பி கேஸ் இன்னும் வாய்தாவில் ஓடுகிறது.

மெயில் போட்டும் ஆளைக் காட்டவில்லை என்றால் ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி ஐகோர்ட்டில் போடும் மனு. எங்களுக்கு அது சென்னைதான். மதுரைக் கிளை தெற்கத்தி மாவட்டங்களுக்கு.   

மனுவை உங்கள் அம்மாவோ அண்ணியோ போடலாம். அவங்க ஆதார், அண்ணன் போட்டோ, மெயில் நகல், தபால் ரசீது எல்லாம் ஒரு கவரில் போட்டுக்கொள்ளுங்கள். மனு போடுகிறோம் என்று தெரிந்தாலே பல நேரம் ஆளை எங்கேயாவது ரிமாண்டில் காட்டிவிடுவார்கள். அப்படிக் காட்டினால் அந்தக் கோர்ட்டுக்கு உடனே ஓடுங்கள், தூக்கிய தேதியை அண்ணன் வாயாலேயே மாஜிஸ்திரேட்டிடம் சொல்லச் சொல்லுங்கள்.