டப்பாவில் சத்து, கூடவே சர்க்கரை: பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்

அக்கா, பையனுக்கு ஆறு வயசு. பாலில் கலக்கும் சத்துப் பவுடர் டப்பாவில் இத்தனை விட்டமின், இரும்பு, கால்சியம் என்று போட்டிருக்கிறதே, நல்லதுதானே?

விட்டமின் சேர்த்திருப்பது உண்மைதான் தங்கச்சி, ஆனால் எதோடு சேர்த்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். 2023-ல் போர்ன்விட்டா பற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது, 100 கிராமில் 37 கிராம் அளவுக்கு இருந்த சேர்த்த சர்க்கரையை அந்த ஆண்டுக் கடைசியில் 32 கிராம் அளவுக்குக் குறைத்தார்கள். குறைத்த பிறகும் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை. 20 கிராம் பவுடர் போட்டால் 6 கிராமுக்கு மேல் வரும், நாம் மேலே ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டால் இன்னும் 5 கிராம், காலை மாலை என்று இரண்டு வேளைக்கு 23 கிராம் ஆகிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் இந்தச் சர்க்கரையை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது, 5 சதவீதத்துக்குள் என்றால் இன்னும் நல்லது என்கிறது. உங்கள் பையன் வயதுக்கு அந்த 5 சதவீதம் ஏறக்குறைய 17 கிராம்தான். பிஸ்கட், மிட்டாய் எதையும் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இன்னொன்று, இரும்புச்சத்து சேர்த்த பவுடரைப் பாலில் கலக்கிறோம், பாலில் இருக்கும் கால்சியமோ இரும்பு உடம்பில் சேருவதைக் குறைக்கும். இதை டப்பாவில் யாரும் எழுதுவதில்லை, எனக்குக் கோபம் வருவதே இதில்தான்.

அப்போ 'ஹெல்த் டிரிங்க்' என்று எப்படி விற்கிறார்கள்?

நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் ஆன்லைன் கடைகளிடம் இந்தப் பானங்களை அந்தப் பிரிவிலிருந்து எடுக்கச் சொன்னது. ஹார்லிக்ஸும் அந்த மாதமே வகைப் பெயரை மாற்றிக்கொண்டது. பெயர் மாறினால் டப்பாவுக்குள் இருப்பது மாறாது, அதனால் பின்பக்கத்தைப் படியுங்கள்.

ரேஷன் அரிசியில் சில மணிகள் தனியாகத் தெரிகின்றன, தண்ணீரில் மிதக்கின்றன. பிளாஸ்டிக் என்கிறார்கள், எடுத்துப் போட்டுவிடுகிறேன்.

தயவுசெய்து எடுத்துப் போடாதீர்கள் அம்மா. அது பிளாஸ்டிக் இல்லை, செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து அரிசி வடிவில் அழுத்தி எடுத்து, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் கலந்திருக்கிறார்கள். சத்துச் சேர்ப்பதையே நான் எதிர்க்கவில்லை. அயோடின் உப்பு எத்தனை குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது! தினம் சாப்பிடும் சோற்றிலும் உப்பிலும் சத்துச் சேர்ப்பது வேறு, சர்க்கரையில் விட்டமினைத் தூவி விற்பது வேறு. வீட்டில் தலசீமியா (உடம்பில் இரும்பு தேங்கக்கூடிய பரம்பரை ரத்த நோய்) உள்ளவர் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மல்டிகிரெய்ன், அதாவது பல தானிய பிஸ்கட் நல்லதா?

பொருள் பட்டியலில் எது அதிகமோ அதுதான் முதலில் வரும். மைதாவும் சர்க்கரையும் முன்னால் நின்று, ராகி கடைசியில் 2 சதவீதம் என்று இருந்தால் அது மைதா பிஸ்கட்தான்.

பவுடர் இல்லாவிட்டால் பாலே குடிக்க மாட்டேன் என்கிறாள் பொண்ணு. என்ன செய்ய?

ஒரேயடியாக நிறுத்தினால் அழுவாள். வாரம் அரை ஸ்பூன் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். பாலைத் தயிராகவோ மோராகவோ கொடுத்தாலும் கால்சியம் போய்ச்சேரும். கேழ்வரகுக் கூழ், எள்ளுருண்டை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாவற்றிலும் கால்சியம் இருக்கிறது. முருங்கைக்கீரை சமைக்கிற அன்று எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள், இரும்பு நன்றாகச் சேரும். சத்துமாவில் வெல்லத்தை அள்ளிப் போடாதீர்கள், அதுவும் சர்க்கரைதான்.

பிள்ளைகளுக்கு இதையெல்லாம் எப்படிப் புரியவைப்பது?

பாடம் நடத்தாதீர்கள். பாக்கெட்டைக் கையில் கொடுத்து, சர்க்கரை எத்தனை கிராம் என்று அவனையே தேடச் சொல்லுங்கள், 5 கிராமுக்கு ஒரு ஸ்பூன் என்று ஒரு கிண்ணத்தில் அவனே அள்ளிப் போடட்டும். சிபிஎஸ்இ 2025-ல் பள்ளிகளில் 'சுகர் போர்டு', அதாவது எந்தத் தின்பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் பலகை வைக்கச் சொன்னதும் இதே வழிதான். குளிர்பான பாட்டிலில் ஆரம்பியுங்கள், கிண்ணம் சீக்கிரம் நிறையும்.